முப்பத்தொன்றாவது அடைப்பு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியம். அங்கே நீ, உன் மனைவி, சின்னவள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? காது டாக்டரிடம் போனாயா, இல்லை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறாயா? போனில் உன்னோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றாக இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் கொதிகலன் பட்டறையில் சம்மட்டிச் சத்தம் கேட்டவன் காதில் அக்கா குரல் எங்கே ஏறும்? அதனால் பழையபடி கடிதம்தான்.

ஒரு செய்தி. எங்கள் ஆய்வகத்துக்குப் புது வேலை வந்திருக்கிறது. நம் கல்லூரியின் பெரிய கேட்டையும் தெருவோர இரும்புக் கிராதியையும் புதுப்பிக்கப் போகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வைத்தபோது என்ன நிறம் பூசினார்களோ அதையே திரும்பப் பூச வேண்டுமாம். அது என்ன நிறம் என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 'பெயின்டைச் சுரண்டிப் பிழைக்கிறவள்' என்று கேலி செய்வாயே, அந்த வேலைதான்.

நம் கல்லூரி என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். கேட்டை ஒட்டியிருந்த இரண்டு அறைகளில் நாம் வளர்ந்தோம் என்பதைத் தவிர அதற்கும் நமக்கும் இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்லூரி இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டார் என்று அப்பாவின் காவலர் வேலையைப் பறித்தார்கள். காவலர் மகள் என்ற சலுகையில் படித்துக்கொண்டிருந்த நானும் கடைசி வருஷத்தை முடிக்காமல் வெளியே வந்தேன். முப்பது வருஷத்தில் நானாக அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. இப்போது அவர்களே கார் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார். ஒருநாள் கூட வருகிறீர்களா என்றேன். "முட்டி வலிக்குதும்மா" என்றார். அன்று காலையில் அதே முட்டியோடு பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தவர்தான். நானும் வற்புறுத்தவில்லை. செய்த காரியம் அப்படி.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். சின்னவளுக்குப் பரீட்சை, வீட்டில் அவளைத் தவிர எல்லோரும் படிக்கிறோம். காது டாக்டரிடம் போனேன். அவர் என்னவோ சொன்னார், சரியாகக் கேட்கவில்லை.

உன் செய்தி படித்துச் சந்தோஷம். அந்தக் கேட் வழியாக நீ தலை நிமிர்ந்து போக வேண்டும் என்று நான் நினைக்காத நாளில்லை. மாணவர்கள் அப்பாவுக்கு 'அரைநிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தது நினைவிருக்கிறதா? துணைவேந்தரே வந்து ஹாரன் அடித்தாலும் "அரைநிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் தேடுவார். அந்த இரண்டு அறைகள் இன்னும் இருக்கின்றனவா?

வேலை எவ்வளவு நாள்? எந்தப் பக்கத்தில் சுரண்டப் போகிறாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்து சேர்ந்தது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, இது மனுஷனுக்கா மெஷினுக்கா என்று கேட்டார். உன் பட்டறை டப்பாவில் ஊற்றி அனுப்பினால் அப்படித்தான் கேட்பார். இருவரும் நலம்.

நீ கேட்டதற்குப் பதில். நம் அறைகளில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. அம்மா அடுப்பு வைத்திருந்த மூலையில் காகிதக் கட்டுகள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நினைத்துக்கொண்டு போனேன், ஆகவில்லை.

வேலை பாதி முடிந்தது. ஒரு கல்தூணுக்கும் அடுத்த கல்தூணுக்கும் நடுவிலுள்ள கிராதியை ஓர் அடைப்பு என்று கணக்கு. கிழக்கு மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் மொத்தம் தொண்ணூற்றாறு. ஆறு அடைப்புகளில் கத்தி முனையால் அரிசி அளவு பெயின்டைப் பெயர்த்தெடுத்து, பிசினில் பதித்து, வழவழப்பாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தேன். பூச்சு மேல் பூச்சாக, புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல அடுக்கடுக்காகத் தெரியும். எதற்கும் கீழே இருப்பதுதான் முதல் நிறம்.

ஐந்து அடைப்புகளில் ஏழே பூச்சு, எல்லாம் கறுப்பு. ஏதோ ஒரு காலத்தில் ஊதுவிளக்கால் சுட்டுப் பழைய பெயின்டை மொத்தமாக எடுத்திருக்கிறார்கள். ஆறாவதில் அதிர்ஷ்டம். பதினான்கு பூச்சு! சுவர் நிழலில் இருந்ததால் அதை மட்டும் சுடாமல் விட்டிருக்கிறார்கள் போல. கறுப்புக்கெல்லாம் கீழே, சிவப்பு அடிப்பூச்சின் மேல், நல்ல ஆழமான பச்சை. நம் காலத்தில் காக்கைக் கறுப்பாக நின்ற கல்லூரிக் கிராதி பிறந்தபோது பச்சை! அது எந்த அடைப்பு தெரியுமா? முப்பத்தொன்று. நம் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, நான் ஈரத் தாவணியை உலர்த்திய அதே அடைப்பு.

புதுப்பிப்புக் குழுவின் தலைவராக இருக்கிற பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். பட்டம் வாங்காதவள் சொன்னதைப் பட்டம் கொடுக்கிறவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் வந்தது. மறைக்கவில்லை.

அப்பாவிடம் பச்சை என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "எந்த இடத்துல சுரண்டின?" என்று கேட்டார். நீ கேட்ட அதே கேள்வி. ஜன்னலுக்கு எதிரே என்றேன். பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவ எழுந்துவிட்டார்.

உடனே பதில் போடு. சின்னவள் பரீட்சை எப்படி எழுதினாள்?

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காதுதான் கேட்காது, கைக்கு என்ன வந்தது? உடம்பு ஏதாவது சரியில்லையா?

பெயின்ட் வாங்கியாகிவிட்டது. கேட்டை ஒட்டிய இரண்டு அடைப்புகளில் மாதிரிக்குப் பூசிப் பார்த்தார்கள், அழகாகத்தான் இருக்கிறது. செய்தித்தாளில் படம் வந்தது. நான் ஓரத்தில் பாதி முகமாக நிற்கிறேன். ஜூன் மாதம் முழுக் கிராதிக்கும் வேலை தொடங்குகிறது.

அப்பா அந்தச் செய்தித்தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். பெருமையில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. பெருமைப்படுகிறவர் நாலு பேரிடம் காட்டுவார். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கேட்டால் முட்டி என்கிறார். முட்டிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயசுக்கு நன்றாகவே இருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்.

பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை அதிகம், அப்புறம் சின்னவளுக்குக் காய்ச்சல், அப்புறம் தபால்தலை இல்லை. இப்போது எல்லோரும் நலம். நீயும் அப்பாவும் நலம்தானே?

உன் படம் போட்ட செய்தித்தாள் இங்கே கிடைக்கவில்லை. முடிந்தால் அனுப்பு.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேறொரு இடத்திலும் சுரண்டிப் பார்த்தால் என்ன? பட்டறையில் பழைய கொதிகலன் வரும். மேலெல்லாம் தேய்த்து எடுத்திருப்பார்கள், ஆனால் இணைப்புக்குப் பின்னால் பழைய பூச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதிரி, பெரிய கேட்டின் கீழ்க் கீலுக்குப் பின்னால், கல்லோடு ஒட்டுகிற இடத்தில் பார்த்தாயா? அங்கே ஊதுவிளக்கு போயிருக்காது. எனக்கென்னவோ ஓர் அடைப்பை மட்டும் நம்புவது சரியில்லை என்று படுகிறது.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சின்னவளின் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம்.

இருபத்தேழு வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். பாத்திரம் கழுவும் உதவியாளாகச் சேர்ந்து, இரவல் புத்தகத்தில் படித்து, இன்று பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். நான் உன் கொதிகலனுக்கு எத்தனை ஆணி அடிக்க வேண்டும் என்று எப்போதாவது சொன்னேனா?

அறிக்கை போயாகிவிட்டது. பெயின்டும் வந்தாகிவிட்டது. இப்போது போய்க் கீலுக்குப் பின்னால் பார்க்கிறேன் என்றால் பேராசிரியர் என்ன நினைப்பார்? நீ ஊர்ப்பக்கம் வந்தே மூன்று வருஷமாகிறது. அப்பாவை வந்து பார்க்க நேரமில்லாதவனுக்கு அடைப்பைப் பற்றி மட்டும் என்ன திடீர் அக்கறை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

நலம். ஒரே ஒரு தடவை பார். எனக்காகப் பார். ஜூனுக்கு முன்னால் பார்த்துவிடு. உன் பெயர் கெட்டுவிடக் கூடாது. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

தம்பி


மே 19

தம்பிக்கு,

அப்பா நலம்.

பார்த்தேன். பேராசிரியரிடம் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பெரிய கேட்டின் கீழ்க் கீலுக்குப் பின்னால் பத்தொன்பது பூச்சு இருக்கிறது. எதற்கும் கீழே இருப்பது சாம்பல் கலந்த பழுப்பு, தூணின் கல் நிறத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற நிறம். பத்தொன்பதில் ஒன்றுகூடப் பச்சை இல்லை. இன்னும் நாலு இடத்தில் கிராதியின் அடிக்கால் கல்லில் இறங்குகிற பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே பழுப்புதான்.

திரும்ப முப்பத்தொன்றுக்குப் போனேன். மண்டியிட்டுப் பார்த்தேன். முதல் தடவையே பார்த்திருக்க வேண்டும், தெரிந்த இடம்தானே என்று பார்க்காமல் விட்டேன். மற்ற தொண்ணூற்றைந்து அடைப்புகளும் கல்லில் ஈயம் உருக்கி ஊற்றி நிறுத்தியவை. முப்பத்தொன்று மட்டும் சிமென்டில் நிற்கிறது. சிமென்டின் மேல் கறுப்புப் பெயின்ட்.

அதன் பூச்சுகளை மறுபடி எண்ணினேன். மேலே இருக்கிற ஐந்து, எல்லா அடைப்புகளோடும் பொருந்துகின்றன. அதற்குக் கீழே எதுவும் எதோடும் பொருந்தவில்லை. பச்சை, பழுத்த வெள்ளை, மறுபடி பச்சை என்று வேறு எங்கோ ஒரு கட்டடத்தின் கதை அது. நமக்குத் தெரிந்த காலத்திலிருந்து ஆறு வருஷத்துக்கு ஒருமுறை பூசுவது கல்லூரி வழக்கம். ஐந்து பூச்சு என்றால் முப்பது வருஷம். நாம் அந்த அறைகளைக் காலி செய்த வருஷம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தொண்ணூற்றாறு அடைப்புக்கும் பச்சை பூசச் சொல்லிவிட்டு நான் நிற்கிறேன். அது என் தவறு, நானே திருத்திக்கொள்வேன். நான் கேட்பது வேறு. கல்லூரி இரும்பு வெளியே போனதாகத்தான் அப்பாவின் கோப்பில் இருக்கிறது. உள்ளே வந்ததாக எங்கேயும் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "பழைய கதை, விடும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்கே சுரண்ட வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

அது நீண்ட விடுமுறை. பயிற்சிக்காக நீ பத்து நாள் வெளியூர் ஆய்வகத்துக்குப் போயிருந்தாய். கல்லூரியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற லாரி ஒன்று வருமே, அதன் டிரைவர் எனக்கு நல்ல பழக்கம். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறியாடா?" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது, லைசென்ஸ் கிடையாது, கை துறுதுறுவென்று இருந்தது. பகல் பதினொரு மணிக்கு நம் ஜன்னலுக்கு எதிரே ரிவர்ஸ் எடுத்தேன். வார்ப்பிரும்பு வளையாது என்பது உனக்குத் தெரியும். பீங்கான் தட்டு மாதிரி உடைந்தது.

அப்பா ஓடி வந்தார். முதலில், "யாருக்காவது அடிபட்டுச்சா?" என்றார். இல்லை என்றதும் கிராதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லாரிய உள்ள கொண்டு போய் நிறுத்தச் சொல்லு" என்றார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை.

அந்த வருஷம் பழைய தபாலாபீஸை இடித்தார்கள். அங்கே இருந்த கிராதியும் இதே வார்ப்புப் பட்டறையில் செய்தது, அதே அளவு, அதே வேல்முனை. தினமும் அந்த வழியாகப் போகிற அப்பாவுக்கு அது தெரியும். அது பழைய இரும்புக் கடையில் கிடந்தது. உடைந்த இரும்பையும் அப்பாவின் சைக்கிளையும் கொடுத்து ஓர் அடைப்பை வாங்கி வந்தோம். சைக்கிள் திருட்டுப் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். அப்பாவும் நானும் நாலு நாள் பாடுபட்டு நிறுத்தினோம். ஈயம் உருக்கத் தெரியாது, அதனால் சிமென்ட். மேலே கறுப்பு அடித்தோம். நீ வந்து அதில் தாவணியை உலர்த்தினாய். உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

ஒரு முட்டாள்தனம் செய்தோம். உடைந்த துண்டுகளைக் கல்லூரி முத்திரை போட்ட சாக்கில் கட்டிக் கொண்டுபோனோம். பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் தன் வீட்டுக்குக் கீல் வாங்க அதே கடைக்குப் போனார். சாக்கைப் பார்த்தார். கிராதி முழுசாக நிற்கிறது, அப்படியானால் ஸ்டோரில் கிடந்த உபரி இரும்பு என்று முடிவு கட்டினார். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஆமா சார், நான்தான் போட்டேன்" என்றார். அதுவும் உண்மைதானே.

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். "டிரைவருக்கு மூணு புள்ளைங்க. உனக்கு லைசென்ஸ் இல்ல. வாயத் திறந்தா ரெண்டு பேரும் உள்ள போவீங்க. எனக்கு வேலைதானே போகும்" என்றார். அக்கா படிப்பு என்று கேட்டேன். "அவ நல்லாப் படிக்கிற புள்ள, அவள வெளிய அனுப்ப மாட்டாங்க" என்றார். அப்படித்தான் நம்பினார். அனுப்பினார்கள்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேலை தேடித் துறைமுகத்துக்கு ரயிலேறினேன். போகும்போது அப்பா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக அந்தச் சத்தியத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். உண்மையில் நான் உனக்குப் பயந்தேன்.

அப்பா திருடர் இல்லை அக்கா. நான் கோழை.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். அப்பா நலம்.

முதல் அறிக்கை தவறு என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். பச்சை வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். முப்பத்தொன்றாவது அடைப்பு வெளியிலிருந்து வந்தது என்று எழுதினேன். எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று பேராசிரியர் கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

பிறகு எழுதுகிறேன்.


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? 'பிறகு' என்று எழுதி நாலு வாரமாகிறது. நான் உன்னைக் காக்கவைத்ததற்கு இது சரிதான். ஆனாலும் தபால்காரர் வந்து போன பிறகும் வாசலிலேயே நிற்கிறேன் என்று என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். அவளிடமும் சின்னவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சின்னவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் மருமகள் அல்லவா.

பேராசிரியருக்கு நீ பதில் சொல்ல வேண்டாம், நான் சொல்லிவிட்டேன். நடந்ததை நாலு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் கல்லூரிக்கு அனுப்பினேன். டிரைவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவர் பங்கை எழுதவில்லை. லாரியைக் கேட்காமல் எடுத்தேன் என்றே எழுதினேன். அந்த ஒரு பொய்யை மன்னித்துக்கொள்.

சத்தியத்தை மீறியதற்கு அப்பா என்ன சொல்வாரோ தெரியவில்லை. அவரிடம் சொன்னாயா?

திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் வீட்டில் மூவரும் நலமாக இருக்க வேண்டும். சின்னவளிடம் அத்தை மெச்சினாள் என்று சொல்.

முதலில் அலுவல். உன் நாலு பக்கத்தைக் குழுவில் படித்தார்கள். எழுத்துப்பிழை பதினொன்று, பேராசிரியர் எண்ணிச் சொன்னார். கிராதிக்கு இனி கல் நிறம்தான். பச்சைப் பெயின்டை விளையாட்டு மைதானத்து பெஞ்சுகளுக்குப் பூசப் போகிறார்களாம். முப்பத்தொன்றை எடுத்துவிட வேண்டுமா என்று பொறியாளர் கேட்டார். முப்பது வருஷம் நின்றதை ஏன் எடுக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அப்பாவின் கோப்பிலிருந்த திருட்டுக் குறிப்பை நீக்கியதாகப் பதிவாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இரண்டே வரி.

அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் சொல்லிட்டானா?" என்றார். ஆமாம் என்றேன். "சத்தியம் பண்ணிக் குடுத்தானே" என்று உன்மேல் அப்படி ஒரு கோபம். ரெண்டு நாள் உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விட்டார். தன்மேலிருந்த பழி துடைக்கப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி நான் உனக்கு எழுதாத ஒன்று. ஒன்றரை மாதம் பேனாவை எடுக்காததற்கு அதுதான் காரணம், உன்மேலிருந்த கோபம் மட்டும் இல்லை. எட்டு வருஷமாக அப்பா என் வீட்டில் இருக்கிறார். இந்த எட்டு வருஷத்தில் அவரிடம் நான் வீட்டுச் சாவியைக் கொடுத்ததில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவரும் கிளம்ப வேண்டும். பூங்கா, நூலகம், மழையென்றால் பஸ் நிலையம். மாலையில் நான் வந்து திறக்கிறவரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். தொலைத்துவிடுவார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். ஒரு கல்லூரியின் நூற்றுச் சொச்சம் சாவிகளை இருபது வருஷம் இடுப்பில் கட்டிக்கொண்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதவரை அப்படிச் சொன்னேன். உண்மைக் காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. 'அப்பாவை வைத்துக் காப்பாற்றுகிறாய்' என்று நீ முன்பு கடிதத்துக்குக் கடிதம் புகழ்ந்தபோதெல்லாம் நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு சாவி செய்துகொண்டுவந்து கையில் கொடுத்தேன். "இப்ப எதுக்கும்மா?" என்றார். அப்புறம் எழுந்து போய்க் கதவைப் பூட்டித் திறந்தார், மறுபடி பூட்டித் திறந்தார். "பூட்டு இறுகியிருக்கு, எண்ணெய் விடணும்" என்றார். உன் முட்டித் தைலத்தை விட்டோம். அதற்குத்தான் அது லாயக்கு.

பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டேன். "ஏம்ப்பா, ஊருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, எனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க? முப்பது வருஷமா உங்களத்தானே வெறுத்தேன்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு என்ன சமையல் என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறமாதிரி சொன்னார்: "அம்மா போய்ட்டா. உங்களுக்குன்னு வேற யாரும் இல்ல. எம்மேல கோவிச்சுக்கிட்டா அந்தக் கோவம் என்னோட போயிடும். அவன்மேல கோவிச்சுக்கிட்டா, எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்கா?"

தம்பி, நான் உன்மேல் கோபப்பட உட்கார்ந்திருந்தேன். நியாயமான கோபம், வட்டியும் முதலுமாக முப்பது வருஷத்துக் கோபம். அவர் அதை அன்றைக்கே தன் கணக்கில் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது நான் அதை எங்கே கொண்டுபோய் வைக்க?

லீவு போட்டுவிட்டு வா. நான் வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். நீ பகலில் வந்தால், அப்பா வீட்டில் இருப்பார், கதவைத் திறப்பார்.

அக்கா